1,10,000 ரூபாய்க்குள்ள செகண்ட் ஹேண்ட் நேக்கட் பைக்: மணலி ரோட்டுக்கு எது தாங்கும்?

மணலி_ஷிஃப்ட்
வணக்கம். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், வேலை மணலியில, மூணு ஷிஃப்ட். அப்பா 2012-ல வாங்கின ஸ்ப்ளெண்டரைத்தான் இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறேன். அந்த வண்டி ஒரு நாள் கூட என்னை நடு ரோட்டுல விட்டதில்ல. ஆனா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கன்டெய்னர் ட்ரெய்லருங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா அதுல பிக்கப் பத்தல. போன மாசம் ஒரு ட்ரெய்லரைத் தாண்ட ஆரம்பிச்சேன். பாதி தூரத்துல எதிர்ல இன்னொண்ணு வந்துடுச்சு. முழுசா முறுக்கியும் வண்டி நகரல. பிரேக் அடிச்சுப் பின்னாடியே வந்துட்டேன், கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

அதனால பெரிய நேக்கட் பைக் (மேல மூடி இல்லாம இஞ்சின் வெளியில தெரியற வண்டி) எடுக்கலாம்னு முடிவு. கையில 1,10,000 இருக்கு. பேர் மாத்துறது, ரிப்பேர் எல்லாம் இதுக்குள்ளயே முடியணும். கடன் வாங்குற எண்ணம் இல்ல. மாசம் ஒரு தடவை நெல்லூர் ரோட்டுல சூலூர்பேட்டை வரைக்கும் போவேன். அம்மாவை வாரத்துல ரெண்டு நாள் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணும்.

லிஸ்ட்ல இருக்கறது: கேடிஎம் டியூக் 200, பஜாஜ் பல்சர் என்எஸ் 200, யமஹா எம்டி 15, யமஹா எஃப்இசட் 25, சுசுகி ஜிக்ஸர் 250. ஓட்டினவங்க சொல்லுங்க.

பெரம்பூர்_200
யோசிக்கவே வேணாம் ப்ரோ, டியூக் 200. நான் 2017 மாடல் வெச்சிருக்கேன். 199.5 சிசி, 25 பிஎஸ் பவர், ஆறு கியர். ஸ்ப்ளெண்டர்ல இருந்து இதுக்கு வந்தா வேற உலகம். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போதே தெரிஞ்சிடும். 2012-ல இருந்து ரோட்டுல இருக்கற வண்டி, ஸ்பேர் கிடைக்காதுங்கற கவலையே வேணாம். வளைவுல இது நிக்கிற மாதிரி உங்க லிஸ்ட்ல வேற எதுவும் நிக்காது. இந்த விலைக்கு இதை விட சந்தோஷமான வண்டி கிடைக்காதுன்னு மனசாரச் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. இதுக்கு 2018 கடைசியிலதான் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) வந்தது. மழைக்காலத்துல எண்ணூர் ரோட்டுல ஓட்டுறவருக்கு ஏபிஎஸ் இல்லாத வண்டி வேணாம்.

கொருக்குப்பேட்டை_பட்டறை
தம்பி, பட்டறை வெச்சு 22 வருஷம் ஆச்சு. நீ சொன்ன அஞ்சு வண்டியும் வாரா வாரம் என் கையில வருது. பெரம்பூர் தம்பி சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா நீ எந்த ரோட்டுல, எந்த நேரத்துல ஓட்டப்போறேன்னு பாத்துட்டுச் சொல்லணும்.

உன் பிரச்சினை ட்ரெய்லர். நாப்பதடிப் பெட்டின்னா பெட்டி மட்டுமே 12 மீட்டர், முன்னாடி இழுக்குற வண்டி தனி. அது 40-ல போகுது, நீயும் பின்னாடி 40-ல போறே. இடம் கிடைச்ச அந்த நொடியில 40-ல இருந்து 65-க்குப் போகணும். இஞ்சின் அப்போ நாலாயிரம் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) பக்கம் சுத்திட்டிருக்கும். அந்த இடத்துல இழுவை இருக்கணும். பேப்பர்ல போட்டிருக்கற பிஎஸ் கணக்கு எல்லாம் உச்சத்துல கிடைக்கறது.

இப்போ கணக்கைப் பாரு. இழுவையை என்எம்-ல சொல்வாங்க. டியூக் 200-க்கு 19 என்எம் சொச்சம், ஆனா 8,000 ஆர்பிஎம்-ல. என்எஸ் 200-ம் 18.3 என்எம், அதுவும் 8,000-ல. எம்டி 15-க்கு 14.7, அது 8,500-ல. அதாவது தாண்டணும்னா ரெண்டு கியர் இறக்கி இஞ்சினைக் கத்த விடணும். பழகிட்டா அது ஒரு சுகம்தான். ஆனா எட்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு விடியக்காலம் வர்றவனுக்கு அது தினமும் ஒரு வேலை. எஃப்இசட் 25 அப்படி இல்ல. 249 சிசி, 20 என்எம், 6,000 ஆர்பிஎம்-லயே வந்துடும். 20.9 பிஎஸ்தான், அஞ்சு கியர்தான், 130-க்கு மேல ஓட்டணும்னு ஆசைப்பட்டா ஏமாத்தும். ஆனா நாலாவது கியர்ல போட்டுட்டு முறுக்கினா இழுத்துக்கிட்டுப் போகும். ஜிக்ஸர் 250 ரெண்டுக்கும் நடுவுல: 26.5 பிஎஸ், ஆறு கியர், இழுவையும் உண்டு. ஆனா 2019-லதான் வந்தது, உன் காசுக்கு நல்லது கிடைக்கறது கஷ்டம். கிடைச்சா விடாதே.

சூடு இன்னொரு விஷயம். டியூக், என்எஸ், எம்டி மூணுக்கும் ரேடியேட்டர் உண்டு. லைன்ல நிக்கும்போது ஃபேன் ஓடும், சூடு தொடையில அடிக்கும். எம்எஃப்எல் ஜங்ஷன்ல மே மாசம் பதினஞ்சு நிமிஷம் நிக்கறவனுக்கு அது தெரியும். எஃப்இசட் 25-க்கும் ஜிக்ஸருக்கும் ஆயில் கூலிங். ரேடியேட்டர் தண்ணி, ஃபேன், தெர்மோஸ்டாட் தலைவலி கிடையாது.

கடைசியா ஒண்ணு. மாடலைப் பாத்து மயங்காதே. நல்லா வெச்சிருந்த என்எஸ், கெட்டுப்போன ஜிக்ஸரை விட ஆயிரம் மடங்கு மேல். 1,10,000-ஐயும் வண்டிக்கே கொடுத்துடாதே. 15,000 தனியா எடுத்து வெச்சுடு. எப்பேர்ப்பட்ட செகண்ட்ஸ் வண்டியும் முதல் மாசம் அதைக் கேக்கும்.

வியாசர்பாடி_அக்கா
எல்லாரும் முன்னாடி உக்கார்றவனைப் பத்தியே பேசறீங்க. தம்பி அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்னு எழுதியிருக்கார், அதை யாரும் தொடவே இல்ல.

நானும் நேக்கட் வண்டி ஓட்டுறவதான். எங்கம்மாவுக்கு 61 வயசு, புடவைதான் கட்டுவாங்க, ஒரு பக்கமாத்தான் உக்காருவாங்க. இந்த வண்டிகள்ல பின் சீட் உயரம், சின்னது, பின்னாடி சாஞ்ச மாதிரி இருக்கும். பல வண்டியில முதல் ஓனர் கழட்டிப் போடறதே புடவை கார்டும் பின் கைப்பிடியும்தான், அழகு கெடுதுன்னு. எங்கம்மா முந்தானை ஒரு தடவை செயின்ல சுத்திடுச்சு. வேகம் கம்மியா இருந்ததால துணி கிழிஞ்சதோட போச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. பின் சக்கரத்துல துணி மாட்டாம மறைப்பு இருக்கணும், பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி இருக்கணும்னு சட்டமே இருக்கு. அது சும்மா எழுதினது இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டுப் போய் அந்த வண்டியில உக்கார வைங்க. நிக்க வெச்சு இல்ல, ஒரு தெரு சுத்திட்டு வாங்க. ஸ்பீடு பிரேக்கர்ல அவங்க கை உங்க தோளை எப்படிப் பிடிக்குதுன்னு பாத்தாலே போதும். டியூக்ல என் அனுபவத்துக்கு அம்மா மாதிரி ஆளுக்கு சரிப்படாது. எஃப்இசட் சீட் அகலம், உக்காரலாம்.

பெரம்பூர்_200
அக்கா சொன்னது நியாயம். எங்க வீட்ல பின்னாடி உக்கார்றது தம்பி மட்டும்தான், அதனால எனக்கு இது தோணவே இல்ல. ஆனா பட்டறை அண்ணே, ரெண்டு கியர் இறக்கித் தாண்டறது ஆபத்து இல்ல, அதுதான் சரியான ஓட்டு. இஞ்சின் எந்த இடத்துல உயிரோட இருக்கும்னு தெரிஞ்சு ஓட்டறவன் எந்த வண்டியிலயும் தாண்டுவான். எஃப்இசட் 25-க்கு ரேடியேட்டரே இல்ல, சூலூர்பேட்டை வரைக்கும் வெயில்ல 100-ல இழுத்தா அதுவும் சூடாகத்தான் செய்யும். வண்டியைக் கத்துக்க ஒரு மாசம் கொடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கொருக்குப்பேட்டை_பட்டறை
சரியான ஓட்டுதான், மறுக்கல. நீ தூங்கி எழுந்து ஓட்டற ஓட்டு அது. இவன் தூங்காம ஓட்டப்போறான்.

மண்ணடி_பாலிசி
இன்சூரன்ஸ் துறையில் வேலை செய்கிறேன். வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். காகிதம் பற்றிச் சில விஷயங்கள்.

முதலில், 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்ற புது இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2019-ல் வாங்கியவருக்கு அது 2024-ல் முடிந்திருக்கும். ஐந்து வருடம் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் இருந்ததால் நிறைய பேர் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கிற 2019 மாடல்களில் பல இப்போது காப்பீடு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்துபோன பாலிசி என்றால் முழுக் காப்பீடு எடுக்க வண்டியை ஆய்வு செய்வார்கள். அந்தச் செலவையும் நேரத்தையும் விலையில் பேசிக் குறையுங்கள். விற்பவர் தன் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அது ஆளுக்கு உரியது, வண்டியோடு வராது.

இரண்டாவது, சிசி. 150-க்கு மேல் 350 வரை ஒரு பிரிவு, 350-க்கு மேல் வேறு பிரிவு. 2022 ஜூன் முதல் வந்த விகிதத்தில் முதல் பிரிவுக்கு வருடம் 1,366 ரூபாய், இரண்டாவதற்கு 2,804, வரி தனி. உங்கள் பட்டியலில் இருக்கும் ஐந்தும் முதல் பிரிவுதான். நடுவில் யாராவது பழைய டியூக் 390-ஐயோ டொமினார் 400-ஐயோ குறைந்த விலைக்குக் காட்டி மனதை மாற்றினால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே 373 சிசி.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பேர் மாற்றாமல் ஓட்டுகிற பழக்கம். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். வண்டி கை மாறியும் ஆர்சி-யில் (பதிவுச் சான்றில்) பேர் மாறவில்லை என்றால், விபத்து நடந்தால் ஆர்சி-யில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் ஸ்ப்ளெண்டரை விற்றால் அதிலும் கவனம். ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் முடிந்த சான்றும், ஆர்சி-யில் கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-ம் இல்லாமல் ஒரு ரூபாய் கூட முன்பணம் தராதீர்கள். வெளி மாநில வண்டியை விலை குறைவு என்று தொடாதீர்கள். என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடியும் சாலை வரி என்று சேர்ந்து குறைந்த விலை நிறைந்துவிடும்.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆர்சி-யில் இருக்கும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். பாக்கி அபராதம் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

தேரடி_பழைய_புல்லட்
தம்பி, நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு ஒருத்தர் கூட என்ஃபீல்ட் பேரைச் சொல்லலையேன்னு மனசு கேக்கல. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்லதான் புல்லட் செஞ்சது. ஷிஃப்ட் விடும்போது சைக்கிள் கூட்டம் ரோட்டை அடைச்சு வரும், சின்ன வயசுல வாசல்ல நின்னு பாப்பேன்.

பாசத்துக்காக மட்டும் சொல்லல. 2022-ல வந்த ஹண்டர் 350-ம் நேக்கட் வண்டிதான். 27 என்எம், அதுவும் 4,000 ஆர்பிஎம்-ல. பட்டறைக்காரர் சொன்ன அந்த இடத்துலயே முழு இழுவை. உங்க காசுக்கு இப்போ வராது. ஒரு வருஷம் சேத்து வெச்சு எடுக்க முடியுமான்னு யோசிங்க. 181 கிலோ, அது ஒண்ணுதான் உறுத்தும்.

மணலி_ஷிஃப்ட்
எல்லாருக்கும் நன்றி. ஐயா, ஹண்டர் எனக்கும் ஆசைதான். ஆனா போன மாசம் நடந்ததுக்கு அப்புறம் இன்னொரு வருஷம் ஸ்ப்ளெண்டர்ல நைட் ஷிஃப்ட் போக மனசு வரல.

நேத்து ஒரு வண்டி பாத்தேன். எர்ணாவூர்ல ஒரு வீட்ல, லிஸ்ட்ல இருக்கற ஒண்ணுதான், 2019, சிங்கிள் ஓனர், 24,000 கி.மீ. 78,000 கேட்டாங்க. பளபளன்னு இருந்தது. டேங்க்ல முகம் பாத்துக்கலாம். 5,000 முன்பணம் கொடுக்கப் பையில கை வெச்சேன். பாத்து மயங்காதேன்னு பட்டறை அண்ணே சொன்னது ஞாபகம் வந்து, சீட்டைக் கழட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு"ன்னாங்க. கழட்டினேன்.

சீட்டுக்குக் கீழ ஃபிரேம் பைப்ல உள்பக்கம் பூரா செதில் செதிலா துரு. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்தா மூலையில காஞ்ச சேறு, விரல்ல எடுத்தா முகப்பவுடர் மாதிரி நைஸா இருக்கு. ஒயரிங் மேல சுத்தின டேப்புல ஒரே உயரத்துக்குக் கறுப்பா ஒரு கோடு. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. மோந்து பாத்தேன், எண்ணெய். அப்பதான் புரிஞ்சது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல எண்ணெய் கலந்த தண்ணி இந்தப் பக்கம் வீடுங்களுக்குள்ள வந்ததே, அந்தத் தண்ணியில நின்ன வண்டி இது. வெளியில எல்லாம் பாலிஷ் போட்டிருக்காங்க, டேப்பைத் துடைக்க முடியல.

அவங்களைக் கேட்டேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. வீட்டுக்காரர் மட்டும், "தம்பி, வீட்ல இருந்த எல்லாமே போச்சு, இதாவது காசாகட்டும்னு பாத்தோம்"னார். எனக்குக் கோவம் வரல. ஆனா வாங்கவும் முடியல.

கொருக்குப்பேட்டை_பட்டறை
நல்ல வேளை தப்பிச்சே. முங்கின வண்டி ஆறு மாசம் நல்லாத்தான் ஓடும். அப்புறம் கனெக்டருக்குள்ள பச்சை பூத்து ஒவ்வொண்ணா போகும். இன்னிக்கு மீட்டர், நாளைக்கு பம்ப், அடுத்த வாரம் ஏபிஎஸ் லைட். ஒயரிங் முழுசா மாத்தினாத்தான் தீரும்.

நம்ம பக்கம் வண்டி பாக்கறவங்க வெள்ளத்தோட உப்புக் காத்தையும் பாக்கணும். காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா வெளியில நிக்கிற வண்டிக்கு ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) அடிப்பக்கம், சைலன்சர் கழுத்து, ஃபோர்க் பைப் (முன் சக்கரத்தைத் தாங்குற ரெண்டு குழாய்) மூணும்தான் முதல்ல அரிக்கும். ஃபோர்க் பைப்ல நகத்தால மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துப் பாரு. ஊசி குத்தின மாதிரி நகம் சிக்கினா ஆயில் சீல் எத்தனை தடவை மாத்தினாலும் கசியும். கொளத்தூர், மாதவரம் பக்கம் நிழல்ல நின்ன வண்டியா தேடு.

காலையில போ, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போ. போனதும் இஞ்சின்ல கை வை. சுட்டுதுன்னா எதையோ மறைக்கறாங்க. ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உள்ள இருக்கற டைமிங் செயின் சத்தம் கேக்கும். சைடு ஸ்டாண்ட்ல சாச்சு முன் சக்கரத்தை ஒருத்தர் தூக்கிப் பிடிக்கட்டும், நீ ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பு. நடுவுல ஒரு இடத்துல 'டக்'குன்னு உக்காந்தா கோன் செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) போச்சு. அது சின்ன செலவு, பயப்படாதே. பயப்பட வேண்டியது ஹேண்டில் லாக் ஆகுற இடத்துல ஃபிரேம்ல இருக்கற ஸ்டாப்பர். அது நசுங்கியிருந்தா வண்டி பெருசா விழுந்திருக்கு, விலை பேசாம வந்துடு. பின் ஸ்ப்ராக்கெட்ல செயினைப் பின்னாடி இழு, பல்லு பாதி தெரிஞ்சா செட் மாத்தணும். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2419-ன்னா 2019-ல 24-வது வாரம். 2019 வண்டியில இன்னும் அதே டயர்னா தடம் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

எஃப்இசட் 25 பாத்தா 2019-க்கு மேல பாரு, அதுக்கு முன்னாடி ஏபிஎஸ் இல்ல. 2017 வண்டியைக் காட்டினா, 2018 ஜனவரியில ஹெட் கவர் போல்ட்டுக்காகக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணிக் கொடுத்தாங்க. அதுக்குப் போனாங்களான்னு கேளு.

மணலி_ஷிஃப்ட்
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

மொத்தம் ஆறு வண்டி பாத்தேன். டியூக் 200 ஒண்ணு ஓட்டிப் பாத்தேன், பெரம்பூர் ப்ரோ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். இறங்கவே மனசு இல்ல. அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சேன். தெரு முனை வரைக்கும் என் சட்டையை ரெண்டு கையாலயும் கொத்தாப் பிடிச்சிருந்தாங்க. இறங்கி, "நீ ஓட்டுப்பா, நான் ஆட்டோல வந்துடறேன்"னாங்க. அத்தோட அதை விட்டுட்டேன்.

கடைசியில மாதவரத்துல ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் பையனோட எஃப்இசட் 25. 2019 மாடல், ஏபிஎஸ் உண்டு, 31,000 கி.மீ., சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைல்ல தேதி வாரியா கோத்து வெச்சிருந்தார். இஞ்சின் ஆறியிருந்தது. ஸ்டாப்பர் சுத்தம். ஃபோர்க்ல நகம் சிக்கல. கோன் செட் 'டக்'குன்னுச்சு, செயின் முடிஞ்சிருந்தது, பின் டயர் பழசு. இன்சூரன்ஸ், மண்ணடி சார் சொன்ன மாதிரியே போன வருஷமே முடிஞ்சிருந்தது. எல்லாத்தையும் எழுதிக் காட்டி 92,000-ல இருந்து 84,000-க்குப் பேசினேன். கோன் செட், செயின் செட், டயர், ஆயில் எல்லாம் சேர்த்து 11,400 ஆச்சு. இன்சூரன்ஸ், பேர் மாத்தினது போக இன்னும் கொஞ்சம் கையில இருக்கு. ஆர்சி-யில என் பேர் வந்துடுச்சு.

அம்மா இதுல ஒரு கையால கைப்பிடி, இன்னொரு கையில காய்கறிப் பை. சாத்தாங்காடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க.

முந்தாநாள் விடியக்காலம் நாலரைக்கு அதே ரோடு, முன்னாடி ட்ரெய்லர். நாலாவது கியர்லயே இருந்தேன், மாத்தல. எதிர்ல காலியாச்சு, முறுக்கினேன், டிரைவர் கதவைத் தாண்டும்போது மீட்டர்ல 68.

பெரம்பூர்_200
வாழ்த்துகள் ப்ரோ. மனசுக்குள்ள டியூக் ஆசை இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை என் வண்டியை எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

வியாசர்பாடி_அக்கா
புடவை கார்டு இருக்கா வண்டியில?

மணலி_ஷிஃப்ட்
இல்லக்கா. கைப்பிடி மட்டும்தான் இருக்கு. எங்க கிடைக்கும்?

வியாசர்பாடி_அக்கா
ஸ்பேர் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுல கேளுங்க, மாடல் பேரைச் சொன்னா எடுத்துத் தருவாங்க. கம்பி ரெண்டு மட்டும் இருக்கறது வேணாம், நடுவுல வலை அடிச்சிருக்கறதா பாருங்க. போட்டதும் அம்மா புடவையிலயே உக்கார வெச்சு, முந்தானையைத் தொங்க விட்டு, சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. அது வரைக்கும் அவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

கொருக்குப்பேட்டை_பட்டறை
வாங்கிட்டு நேரா பட்டறைக்கு வா, நானே மாட்டித் தர்றேன். புது செயினுக்கு வாரம் ஒரு தடவை துடைச்சு செயின் ஆயில் போடு, நம்ம பக்கத்துக் காத்துக்கு 500 கி.மீ. வரைக்கும் காத்திருக்காதே. மழையில நனைஞ்சா அன்னிக்கே.